சுற்றி நிற்போர் குற்றவாளிகளா?

அடித்தவன் யார் என்று கேட்கிறோம். அடிபட்டவன் யார் என்றும் கேட்கிறோம். அருகே நின்றவர்கள் எத்தனை பேர் என்று எவரும் கேட்பதில்லை!

பள்ளிக்கூடத்தில் நடைபெறும் கொடுமை பற்றிய விசாரணை யாவும் முதலிரண்டு கேள்விகளோடு முடிந்துவிடுகிறது. ஒருவன் தலைமையாசிரியர் அறைக்கு அழைக்கப்படுகிறான். மற்றொருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குத் திரும்புகிறான். எஞ்சிய முப்பது பேர்? அவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. கண்டவர், களித்தவர், கைகொட்டியவர், கலங்கியவர், காணாதவர்போல் நகர்ந்தவர் ஆகிய அத்தனை பேரும் ‘ஒன்றும் செய்யாதவர்கள்’ என்ற ஒரே பெயருக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். ஒன்றும் செய்யாதிருத்தல் உண்மையிலேயே ஒன்றுமில்லாத செயலா? நடுநிலைப் பள்ளியின் நான்கு சுவர்களுக்குள் நாள்தோறும் எழும் இக்கேள்வி, நாட்டுக்கும் உரிய கேள்வி. ஆகவேதான் சிந்திக்கும் இளைஞர்கள்முன் அதனை வைக்க விழைகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். சண்டை வேறு, வதை வேறு. பந்துக்காக இரு சிறுவர் கட்டிப் புரண்டால் அது சண்டை. மாலையிலே அவ்விருவரும் ஒரே மிட்டாயைக் காக்காய்க் கடி கடித்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். வதையிலே அந்தக் காக்காய்க் கடி கிடையாது. நார்வே நாட்டின் பெர்கன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டான் ஓல்வியஸ் என்னும் உளவியல் அறிஞர், 1970-களிலிருந்தே இத்துறையை முறையாக ஆராய்ந்தவர். வதைக்கு மூன்று அடையாளங்களை அவர் வகுத்துத் தந்தார். துன்புறுத்தும் நோக்கம் அதில் இருக்கும். அது மீண்டும் மீண்டும் நிகழும். இரு தரப்பாரின் வலிமையும் சமமாக இராது. வலிமை என்றதும் புயத்தை மட்டும் எண்ணிவிடாதீர்கள். எண்ணிக்கை ஒரு வலிமை. பணம் ஒரு வலிமை. ஊரில் தந்தைக்குள்ள செல்வாக்கு ஒரு வலிமை. நம் நாட்டிலோ, பிறந்த தெருவே ஒரு வலிமை!

இந்த வதைக்கு நம் பள்ளிகளிலே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர் ‘விளையாட்டு’. “சும்மா விளையாட்டுக்குத்தான் சார்!” என்பான் வதைத்தவன். “பசங்கன்னா அப்படித்தான் இருப்பாங்க” என்பார் பெற்றோர். “இதையெல்லாம் பெரிதுபடுத்தலாமா?” என்பார் ஆசிரியர். விளையாட்டு என்றால் இருவரும் சிரிக்க வேண்டுமே, ஏன் ஒருவன் மட்டும் அழுகிறான்? விளையாட்டு என்றால் முறை மாறி மாறி வர வேண்டுமே, ஏன் என்றும் ஒருவனே இலக்காக இருக்கிறான்? இவ்விரண்டு கேள்விகளைக் கேட்டாலே போதும், அந்தப் பெயரின் பொய் வெளுத்துவிடும்.

யுனெஸ்கோ நிறுவனம் 2019-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலக மாணவர்களுள் ஏறத்தாழ மூவரில் ஒருவர், முந்தைய ஒரு மாதத்தில் ஒரு நாளேனும் சக மாணவரின் வதைக்கு ஆளாகியிருந்தார். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளின் பருவமோ தனிப் பருவம். தாயின் சொல்லைவிடத் தோழனின் பார்வை பெரிதாகத் தோன்றும் பருவம். கூட்டத்திலே தனக்கு ஓர் இடம் வேண்டும் என்று துடிக்கும் பருவம். அந்த இடத்தைப் பிடிக்க எளிய வழி எது? இன்னொருவனைக் கூட்டத்துக்கு வெளியே தள்ளிக் காட்டுவது! வெளியே ஒருவன் நின்றால்தானே, உள்ளே இருக்கிறோம் என்ற நிம்மதி மற்றவர்க்குப் பிறக்கும்?

கூட்டம் எப்படிச் செயல்படுகிறது என்பதற்கு நான் கற்பிக்கும் ஏழாம் வகுப்பிலே கண்ட ஒன்றைச் சொல்கிறேன். வருகைப் பதிவேட்டை வாசிக்கையில் ஒரு மாணவனின் பெயர் வந்ததும் வகுப்பே இருமும். ஒருவரும் அவனைத் தொடவில்லை. ஒரு வசைச் சொல்லும் கூறவில்லை. வெறும் இருமல்! சில நாட்களில் அவன் “உள்ளேன் ஐயா” என்று சொல்வதை நிறுத்திவிட்டுக் கையை மட்டும் உயர்த்தத் தொடங்கினான். தண்டிப்பதென்றால் யாரைத் தண்டிப்பது? இருமல் குற்றமா? மாணவர்களை ஒவ்வொருவராக, தனித்தனியே, குற்றம் சாட்டாமல் கேட்டேன். “எல்லாரும் இருமினாங்க, நானும் இருமினேன்” என்றார்கள். மேலும் கேட்டபோது ஆறு பேர் ஒன்றைச் சொன்னார்கள்: தங்களுக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் மற்ற எல்லாருக்கும் பிடித்திருக்கிறது என்று எண்ணினார்கள். ஆறு பேரும், தான் ஒருவனே அப்படி நினைப்பதாக எண்ணியிருந்தார்கள்! “உன்னைப்போல இன்னும் ஐந்து பேர் இருக்கிறார்கள்” என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன், வேறொன்றும் செய்யவில்லை. மறுநாள் இருமல் பாதியாயிற்று. அந்த வாரம் முடிவதற்குள் அது செத்தது.

இதிலே உள்ள உண்மையைக் கவனியுங்கள். கொடுமை நிற்பதற்குப் பெரும்பான்மையோரின் கொடிய உள்ளம் தேவையில்லை. பெரும்பான்மையோர் ஒருவரை ஒருவர் தவறாக எண்ணிக்கொண்டு வாய்மூடி இருந்தால் போதும்.

ஆய்வுகள் கூறுவதும் இதுவே. கனடாவில் பள்ளி விளையாட்டுத் திடல்களைப் படம்பிடித்து ஆராய்ந்த அறிஞர்கள் 2001-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். வதை நிகழ்ந்த வேளைகளில் நூற்றுக்கு 88-இல் வேறு மாணவர்கள் உடன் இருந்தனர். அவர்களுள் யாரேனும் குறுக்கிட்டது நூற்றுக்கு 19-இல்தான். ஆனால் அப்படிக் குறுக்கிட்டபோதெல்லாம் என்ன நேர்ந்தது? அவற்றுள் நூற்றுக்கு 57-இல் பத்து நொடிக்குள் வதை நின்றுவிட்டது! பத்து நொடி! ஒரு பிள்ளை “விடுடா அவனை” என்று சொல்லி முடிக்கும் நேரம். மலைபோல் தோன்றிய கொடுமை நின்றிருந்த அடித்தளம் அவ்வளவு மெல்லியது.

பின்லாந்து நாட்டின் கிறிஸ்டினா சால்மிவல்லி என்னும் அறிஞர் தம் குழுவினருடன் ஆறாம் வகுப்பு மாணவரை ஆராய்ந்து 1996-இல் வெளியிட்ட கட்டுரை, சுற்றி நிற்போரை நால்வகையாகப் பிரித்துக் காட்டியது. வதைப்பவனுக்குக் கைகொடுப்போர், சிரித்தும் கூவியும் ஊக்கமூட்டுவோர், ஒதுங்கி நிற்போர், வதைபடுபவனின் பக்கம் நிற்போர். சுற்றி நிற்கும் கூட்டத்துக்கும் பங்கு உண்டு என்பது அந்த ஆய்வின் சாரம். மேடையில் நடிகன் ஒருவன்தான். ஆனால் அவையோர் எழுந்து போய்விட்டால் நாடகம் எப்படி நடக்கும்?

இனி அறத்தின் கேள்விக்கு வருவோம். அப்படியாயின் சுற்றி நின்ற சிறுவர்கள் குற்றவாளிகளா?

ஆம் என்பர் ஒரு சாரார். கண்டும் தடுக்காதவன் கொடுமைக்கு உடந்தை. நீதி வேண்டுமானால் அவனையும் கூண்டிலேற்று என்பர். கேட்பதற்கு வீரமாகத்தான் இருக்கிறது! பதினொரு வயதுச் சிறுவனின் நிலையிலிருந்து அதனை எண்ணிப் பாருங்கள். குறுக்கிட்டால் நாளை அவனே இலக்கு. ஆசிரியரிடம் சொன்னால் ‘கோள் சொல்லி’ என்ற பட்டம். அந்தப் பட்டத்தைப் பல வேளைகளில் சூட்டுபவரே ஆசிரியர்தான்! “எதற்கெடுத்தாலும் கோள் சொல்ல வந்துவிடுவான்” என்று நாம் விரட்டிய பிள்ளை, உண்மையிலேயே சொல்ல வேண்டியது வரும் நாளிலே வாய் திறப்பானா? ஒருவனை வம்பில் மாட்டிவிடச் சொல்வது கோள். வம்பிலிருந்து ஒருவனை மீட்கச் சொல்வது முறையீடு. இவ்வேறுபாட்டை நாம் கற்பித்தோமா? கற்பிக்காமலே தேர்வு வைத்தால் தோற்றவர் யார்?

முறையிட்டவர்க்கு இந்நாடு என்ன பரிசு தந்தது என்பதையும் மறந்துவிட வேண்டாம். 2023 ஆகஸ்டு மாதம். திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி. பன்னிரண்டாம் வகுப்பில் பயின்ற பட்டியல் சாதி மாணவர் ஒருவர், உடன் பயின்றோரின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குச் செல்வதையே தவிர்த்தார். பள்ளி காரணம் கேட்டது. அவர் காரணத்தைச் சொன்னார். சொன்னதற்குப் பின் வந்தது என்ன? இரவிலே வீடு புகுந்த மாணவர்கள் அவரை அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினர். “ஏன் சொல்லவில்லை?” என்று பிள்ளைகளைப் பார்த்துக் கேட்கும் நாம், சொன்ன பிள்ளையைக் காத்தோமா என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டாவா?

இல்லை என்பர் இன்னொரு சாரார். சிறுவர்மீது எந்தப் பொறுப்பும் சுமத்தலாகாது, அறியாப் பருவம், ஆசிரியர் பார்த்துக்கொள்ளட்டும் என்பர். இதையும் நான் ஏற்கவில்லை. சிரிப்பதா வேண்டாவா என்று முடிவு செய்ய ஒரு சிறுவனால் இயலும். தனித்து உண்பவன் அருகே தட்டை எடுத்துச் சென்று அமர இயலும். நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் மெல்லச் சொல்ல இயலும். இயன்றதைச் செய்யும் கடமை சிறுவருக்கும் உண்டு. கடமையே இல்லை என்று சொல்வது அவர்களை இழிவுபடுத்துவதாகும். அறம் அறியாத பொம்மைகள் என்று ஒதுக்குவதாகும்.

என் முடிவைக் கூறுகிறேன். பொறுப்பு ஆற்றலுக்கு ஏற்றபடி பங்கிடப்பட வேண்டும். சிறுவனின் ஆற்றல் சிறிது, அவன் பொறுப்பும் சிறிது. ஆசிரியரின் ஆற்றல் பெரிது, அவர் பொறுப்பும் பெரிது. சுற்றி நிற்போருள் முதல் ஆள் யார்? முன் வரிசைச் சிறுவன் என்றா எண்ணுகிறீர்கள்? திடலின் ஓரத்தில் நின்று பார்த்துவிட்டு, மணி அடித்ததும் ஒன்றும் நடவாததுபோல் கரும்பலகைக்குத் திரும்பும் பெரியவர்தான்! ஒரு பள்ளியில் நல்லவனாக நடப்பதற்கே ஒரு குழந்தை வீரனாக வேண்டியிருந்தால், குறை குழந்தையிடம் இல்லை, பள்ளியிடம் இருக்கிறது. சாதாரணப் பிள்ளை, சாதாரண அச்சத்தோடு, சாதாரண நல்லுள்ளத்தோடு இருந்தாலே கொடுமையைத் தடுக்க முடிகிற இடமாகப் பள்ளியை ஆக்குவதே தடுப்பு முறையின் முழுப் பொருள். வீரத்தைக் கேட்கும் முன் பாதுகாப்பைக் கொடு. இதுவே நான் சொல்ல வந்தது.

இது கனவா? நடந்து காட்டிய நாடு உண்டு. 1982-ஆம் ஆண்டின் இறுதியில், நார்வேயின் வடபகுதியில், 10 முதல் 14 வயதுக்குட்பட்ட சிறுவர் மூவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். உடன் பயின்றோரின் கடும் வதையே காரணமாக இருக்கக்கூடும் என்று தெரியவந்தபோது நாடு அதிர்ந்தது. 1983-இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் நாடு தழுவிய தடுப்பு முயற்சியைத் தொடங்கியது. பெர்கன் பகுதியின் 42 பள்ளிகளில், ஏறத்தாழ 2,500 மாணவரை, இரண்டரை ஆண்டுக் காலம் ஓல்வியஸ் தொடர்ந்து ஆராய்ந்தார். வதைபடுவோர் தொகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

என்ன மந்திரம் போட்டார்கள்? மந்திரமில்லை, மாயமில்லை. பெயர் எழுதாத வினாத்தாளை மாணவரிடம் தந்து உண்மையை அறிந்தார்கள். இடைவேளைகளில் ஆசிரியர்கள் திடலில் நின்றார்கள். வதை கூடாது என்ற விதியை வகுப்பிலே வகுத்து, வாரந்தோறும் அதுபற்றிக் கூடிப் பேசினார்கள். வதைத்தவனோடும் வதைபட்டவனோடும் இரு பெற்றோரோடும் அமர்ந்து பேசினார்கள். காணும் கண் இருந்த இடத்தில் கொடுமை குறைந்தது. அவ்வளவுதான்!

பின்லாந்தின் துர்க்குப் பல்கலைக்கழகம், சுற்றி நிற்போரை மாற்றுவதையே மையமாக வைத்துக் ‘கிவா’ என்ற திட்டத்தை வகுத்தது. அந்நாட்டு மொழியில் அச்சொல்லுக்கு ‘இனியது’ என்று பொருள். 2009 முதல் நாடெங்கும் பள்ளிகளில் அது பரவியது. பலனும் தந்தது. ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. தொடக்க வகுப்புகளில் கண்ட அளவு பலன் ஏழு முதல் ஒன்பது வரையான வகுப்புகளில் கிட்டவில்லை. பழகிப்போன கூட்டத்தைப் பிறகு கலைப்பது கடினம். ஆறாம் வகுப்பில் செய்ய வேண்டியதை ஒன்பதாம் வகுப்புக்கு ஒத்திவைப்போர் உணர வேண்டிய பாடம் இது.

ஆனால் உலகமெங்கும் ஒரு வழக்கம் ஒன்றுபோலவே இருக்கிறது. நார்வேயில் மூன்று சிறுவர் மாண்ட பிறகே முயற்சி பிறந்தது. தமிழகத்தில் 1996 நவம்பரில் மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவனால் கொல்லப்பட்ட பிறகே, ராகிங் தடைச் சட்டம் 1997-இல் நிறைவேறியது. நாங்குநேரியில் அரிவாள் பாய்ந்த பிறகே, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு அவர்களின் ஒருநபர் குழு அமைந்தது. குருதி முன்னே, குழு பின்னே! தடுப்பு என்ற சொல்லுக்கு முந்துவது என்றல்லவா பொருள்?

அக்குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, படிக்கவும் பரப்பவும் வேண்டிய ஒன்று. சாதியை அறிவிக்கும் வண்ணக் கயிறுகள் கையில் வேண்டா என்றது. மாணவரை அகரவரிசைப்படி அமர்த்துக என்றது. வருகைப் பதிவேட்டில் சாதிக் குறிப்பு கூடாது என்றது. “கயிற்றிலும் பெஞ்சிலும் என்ன இருக்கிறது?” என்று நகைத்தோர் உண்டு. எல்லாம் இருக்கிறது! கயிறு, யார் எந்தக் கூட்டம் என்று காட்டும் சீருடை. பெஞ்சு, கூட்டம் கூடும் கோட்டை. கயிற்றை அவிழ்த்து, வரிசையை மாற்றிவிட்டால், சுற்றி நிற்போர் ஒரு சாதியாக நிற்காமல் தனித்தனி மனிதராக நிற்பார்கள். தனி மனிதனுக்குத்தான் மனச்சான்று பேசும். கூட்டத்துக்குக் கூச்சல்தான் கேட்கும்.

பள்ளியே வதைத்த வரலாறும் நமக்கு உண்டு. அண்ணல் அம்பேத்கர் தம் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியிருக்கிறார். வகுப்பின் ஓரத்தில் தனியே கோணிப்பை விரித்து அமர வேண்டும். தாகம் எடுத்தால் குழாயைத் தொடக் கூடாது. பள்ளிச் சேவகர் வந்து திறந்துவிட வேண்டும். சேவகர் இல்லாத நாளில் தண்ணீர் இல்லை. அங்கே எந்த மாணவன் வதைத்தான்? ஒருவனும் தேவையில்லையே! பள்ளியின் ஒழுங்குமுறையே வதையாக இருந்தது. ஒழுங்குமுறையால் கொடுமை செய்ய முடியுமென்றால், ஒழுங்குமுறையால் கொடுமையை ஒழிக்கவும் முடியும். நம்பிக்கைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

“நாலு சாத்துச் சாத்தினால் திருந்துவான்” என்பார் உண்டு. வலியவன் மெலியவனை அடிப்பது தவறு என்று கற்பிக்க, வலியவர் மெலியவனை அடிப்பதா? அந்த அடியிலிருந்து அவன் கற்பது ஒன்றே: தானும் வலியவனாக வேண்டும்! 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவிலே, உடல்வழித் தண்டனையையும் உளவழித் துன்புறுத்தலையும் ஒருங்கே விலக்கியிருக்கிறது. ‘மக்கு’, ‘குண்டு’, ‘கருவாயன்’ என்று ஆசிரியர் வகுப்பிலே சூட்டும் பெயர்களும் அந்த விலக்குக்குள் அடங்க வேண்டியவைதாம். ஆசிரியர் காலையில் சொன்ன பெயர் மாலையில் திடலெங்கும் ஒலிக்கும்.

“பிறவிக் குணம், மாறாது” என்பாரும் உண்டு. பிறவிக் குணம்! எங்கேயோ கேட்ட குரல் போல் இல்லையா? ஒருவன் பிறப்பால் உயர்ந்தவன், ஒருவன் பிறப்பால் தாழ்ந்தவன் என்றவர்களின் குரல் அது. பிறப்பால் வதைப்பவனும் இல்லை, பிறப்பால் வதைபடுபவனும் இல்லை. சூழலை மாற்றிய பள்ளிகளிலே வதை குறைந்தது என்ற உண்மை, பிறவிக் குணம் என்ற மூடநம்பிக்கையின் தலையிலே விழுந்த சம்மட்டி அடி!

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவானவை. இடைவேளையில் ஆசிரியரின் கால்கள் ஓய்வறையை விட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும், கழிப்பறைப் பக்கத்துக்கும், சத்துணவு வரிசைக்கும் நடக்கட்டும். பெயரில்லாச் சீட்டில் ஆண்டுக்கு இருமுறையேனும் பிள்ளைகளின் குறை கேட்கப்படட்டும். முறையீடு வந்தால், வதைத்தவனையும் வதைபட்டவனையும் எதிரெதிரே நிறுத்தி “கை குலுக்குங்கள்” என்று நாடகம் ஆடாமல், தனித்தனியே விசாரிக்கட்டும். ஒரு வாரம் கழித்து, சொன்ன பிள்ளையை மறுபடி அழைத்து, “உனக்கு ஏதும் தொல்லை வந்ததா?” என்று கேட்கட்டும். அந்த இரண்டாவது கேள்வியில்தான் பாதுகாப்பு இருக்கிறது. அச்சுறுத்தல் கடுமையானால் 1098 என்ற சிறார் உதவி எண் இருப்பதை ஒவ்வொரு குழந்தையும் அறிந்திருக்கட்டும்.

தோழர்களே! இவை ஆசிரியரின் வேலை, நமக்கென்ன என்று எண்ணிவிடாதீர்கள். மாலை வகுப்பு நடத்துகிறீர்கள், படிப்பகம் நடத்துகிறீர்கள், வீட்டிலே தம்பியும் தங்கையும் இருக்கிறார்கள். பள்ளிவிட்டு வரும் பிள்ளையிடம் “எத்தனை மதிப்பெண்?” என்று கேட்பது நம் வழக்கம். இன்று மாலை வேறொன்றைக் கேளுங்கள்: “உன் வகுப்பிலே இன்று தனியாக உட்கார்ந்து சாப்பிட்டது யார்?” பதில் வந்தால், நாளை அந்தப் பிள்ளையின் அருகே போய் அமரச் சொல்லுங்கள். போகிற பிள்ளைக்குத் துணையாகப் பள்ளிக்குச் சென்று ஆசிரியரிடம் பேசுங்கள். ஒருவன் அமர்ந்தால் இருவர் அமர்வர். இருவர் அமர்ந்த இடத்தில் வட்டம் உடையும்.